முப்பது நாளில் நாவல்: வாசகர் கேள்விகளும் ஆசிரியர் பதில்களும்

நாவலின் முதல் வரைவை ஒரே மாதத்தில் எழுதி முடிப்பது பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து கேள்விகள் நிறைய வந்திருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

நவம்பர் மாதத்தில் நாவல் எழுதும் வழக்கம் அமெரிக்காவில் இருப்பதாகச் சொல்கிறார்களே, அது என்ன ஏற்பாடு? ஒரு மாதத்தில் நாவல் எழுதுவது நடக்கக்கூடிய காரியமா?
– கல்லூரி ஆசிரியை, திருநெல்வேலி

சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 1999 ஜூலையில் கிறிஸ் பேட்டி என்பவர் நண்பர்களைக் கூட்டி, மொத்தம் 21 பேராகத் தொடங்கிய விளையாட்டு அது. மறு ஆண்டே நவம்பருக்கு மாற்றிவிட்டார்கள். வெளியே போக மனம் வராத வானிலை எழுத்துக்கு நல்லது என்பது அவர்கள் சொன்ன காரணம். (வடகிழக்குப் பருவமழை நமக்கும் அந்த உதவியைச் செய்யும், மின்சாரம் இருக்கும் வரை.) 'தேசிய நாவல் எழுதும் மாதம்' என்று பெயர், சுருக்கமாக நானோரைமோ. நவம்பர் முதல் தேதியிலிருந்து முப்பதாம் தேதிக்குள் 50,000 சொற்கள் எழுத வேண்டும், அதாவது நாளொன்றுக்கு 1,667 சொற்கள். கதைச் சுருக்கத்தையும் பாத்திரக் குறிப்புகளையும் முன்கூட்டியே தயாரித்துக்கொள்ளலாம். நாவலின் வாசகங்களை மட்டும் நவம்பருக்கு முன்னால் எழுதக் கூடாது. நடுவர் கிடையாது, எழுதி முடித்தவர் எல்லோரும் வென்றவர்களே. பிற்காலத்தில் லட்சக்கணக்கானோர் கலந்துகொண்ட இந்த ஏற்பாட்டை நடத்திய அமைப்பு, நிதி நெருக்கடியால் மூடப்போவதாக 2025 மார்ச் இறுதியில் அறிவித்தது.

நடக்கக்கூடிய காரியமா என்றால், நடக்கும். ஆனால் அந்த ஒரு மாதம் எழுதுவதற்கான காலம் மட்டுமே. அதற்கு முன்னால் யோசிப்பதற்கு ஒரு காலமும் அதற்குப் பின்னால் திருத்துவதற்கு இன்னொரு காலமும் உண்டு. அவை இரண்டும் பெரும்பாலும் மாதக் கணக்கில் அடங்குவதில்லை. நானோரைமோவில் முளைத்த நாவல்களில் நன்கு அறியப்பட்டது எரின் மார்கன்ஸ்டர்னின் இரவுச் சர்க்கஸ் கதை. அது ஒன்றுக்கு மேற்பட்ட நவம்பர்களில் எழுதப்பட்டு, இலக்கிய முகவர்களால் நிராகரிக்கப்பட்டு, பெருமளவில் மாற்றி எழுதப்பட்ட பிறகே 2011இல் புத்தகமானது.

பெரிய எழுத்தாளர்கள் எவரேனும் இவ்வளவு வேகமாக எழுதியிருக்கிறார்களா? வேகத்தால் தரம் கெடாதா?
– வங்கி ஊழியர், ஈரோடு

எழுதியிருக்கிறார்கள். இருவரைச் சற்று விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் அவர்களைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதையில் பாதி விட்டுப்போய்விடுகிறது.

முதலாமவர் தஸ்தயேவ்ஸ்கி. கடன் தொல்லையால் 1865இல் ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் 3,000 ரூபிள் வாங்கிக்கொண்டு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1866 நவம்பர் முதல் தேதிக்குள் புதிய நாவல் ஒன்றைத் தராவிட்டால், ஒன்பது ஆண்டுகளுக்கு அவருடைய நூல்களைப் பணம் எதுவும் தராமல் வெளியிடும் உரிமை அந்தப் பதிப்பாளருக்குப் போய்விடும் என்பது நிபந்தனை. 'குற்றமும் தண்டனையும்' தொடராக வெளிவந்துகொண்டிருந்த ஆண்டு அது. கெடு நெருங்கியபோது புதிய நாவலில் ஒரு வரிகூட எழுதப்பட்டிருக்கவில்லை. ஆளுக்கொரு பகுதியாக எழுதித் தருகிறோம் என்று நண்பர்கள் முன்வந்தபோது, பிறர் எழுதியதில் என் பெயரைப் போட மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அதன் பிறகுதான் அன்னா ஸ்னித்கினா என்ற இருபது வயதுச் சுருக்கெழுத்தாளர் அக்டோபர் நான்காம் தேதி வேலைக்கு வந்தார். பகலில் இவர் சொல்லச் சொல்ல அவர் குறித்துக்கொள்வார், இரவில் வீட்டில் உட்கார்ந்து முழு எழுத்தில் படியெடுத்து மறுநாள் கொண்டுவருவார். 26 நாட்களில் 'சூதாடி' முடிந்தது. பிரதியைக் கொடுக்கப் போன அன்று பதிப்பாளர் வேண்டுமென்றே ஊரில் இல்லாமல் போக, காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினார்கள். அடுத்த பிப்ரவரியில் இருவருக்கும் திருமணம் நடந்தது.

இந்தக் கதையில் விட்டுப்போவது என்ன? சூதாட்டக்காரன் ஒருவனைப் பற்றிய கதையின் திட்டத்தை 1863லேயே, வெளிநாட்டுப் பயணத்தின்போது, ஒரு நண்பருக்குக் கடிதமாக எழுதியிருந்தார் அவர். ரூலெட் மேசையில் சொந்தப் பணத்தை இழந்த அனுபவம் வேறு இருந்தது. பகலில் வாய்மொழியாகச் சொன்னதில் பெரும்பகுதியை முந்தைய இரவு தாமே எழுதிவைத்துக்கொண்டார் என்று அன்னாவின் நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. அந்த 26 நாட்களுக்கு முன்னால் மூன்று ஆண்டுகள் இருந்தன.

இரண்டாமவர் பிரிட்டிஷ் நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோ. 1989இல் புக்கர் பரிசு பெற்ற அவருடைய நாவலின் கருவை 1987 கோடையில் நான்கு வாரங்களில் காகிதத்தில் இறக்கினார். திங்கள் முதல் சனி வரை, காலை 9 மணியிலிருந்து இரவு 10.30 வரை எழுத்து மட்டுமே. மதிய உணவுக்கு ஒரு மணி நேரம், இரவு உணவுக்கு இரண்டு மணி நேரம். கடிதங்களைப் பார்ப்பதில்லை, தொலைபேசியை நெருங்குவதில்லை, வீட்டுக்கு யாரும் வரக் கூடாது. காலையில் எழுதியதற்கு முரணாக மாலையில் எழுதினாலும் பொருட்படுத்தவில்லை. மோசமான வாக்கியங்களையும் எங்கும் போய்ச் சேராத காட்சிகளையும் அப்படியே விட்டுவிட்டு மேலே போனார். ஆனால் அந்த நான்கு வாரத்துக்கு முன்னரே பிரிட்டிஷ் வீட்டுப் பணியாளர்களைப் பற்றியும் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட அரசியலைப் பற்றியும் நிறையப் படித்து முடித்திருந்தார். நான்கு வாரத்துக்குப் பின்னர், எழுதியதைச் சரியாக அமைக்க அதைவிட அதிகக் காலம் தேவைப்பட்டது என்றும் அவரே சொல்லியிருக்கிறார்.

ஆகவே, தரம் கெடுமா என்ற கேள்விக்கு என் பதில்: வேகமாக எழுதியதால் கெட்ட நாவல்களைவிட, யோசிக்காமல் எழுதியதாலும் திருத்தாமல் அச்சிட்டதாலும் கெட்ட நாவல்களையே நான் அதிகம் படித்திருக்கிறேன்.

சமையல், பிள்ளைகளின் பள்ளி, மாமியாரின் மருந்து வேளை என்று நாள் போய்விடுகிறது. என்னைப் போன்றவர்களுக்கு இது சாத்தியமா?
– குடும்பத்தலைவி, கும்பகோணம்

இஷிகுரோ சொன்ன இன்னொரு விவரத்தை உங்களுக்காகவே எடுத்துவைத்திருந்தேன். அந்த நான்கு வாரமும் வீட்டு வேலையிலும் சமையலிலும் அவர் செய்ய வேண்டிய பங்கைச் சேர்த்து அவருடைய மனைவி லோர்னாவே செய்தார். அந்தத் திட்டத்தைத் தீட்டியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. இத்தகைய மாதங்களை யாரோ ஒருவர் எழுத்தாளருக்கு ஈட்டித் தருகிறார். எனவே என் முதல் யோசனை எழுத்து பற்றியது அன்று. மாதம் தொடங்குவதற்கு முன்பே வீட்டில் உள்ளவர்களை உட்காரவைத்து, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, நாளில் எந்த ஒன்றரை மணி நேரம் உங்களுடையது, அந்த நேரத்தில் அடுப்பையும் கதவு மணியையும் யார் கவனிப்பது என்று பெயர் குறித்துப் பேசி முடிவு செய்யுங்கள். 'நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்' என்று சொன்னால் வீடு அந்த நேரத்தை ஒருபோதும் தராது.

அது இயலாத வீடு என்றால் முப்பது நாளை அறுபதாக்கிக்கொள்வதில் குற்றம் ஒன்றுமில்லை. கெடு இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம், அது எத்தனை நாள் என்பது உங்கள் வசதி. கைப்பேசியில் குரலால் தட்டச்சு செய்வதும் துணி மடிக்கும் நேரத்தில் உதவும். வட்டார வழக்கில் பேசும் உரையாடலை அது தாறுமாறாகப் பிடிக்கும் என்பதால், அந்த இடங்களை அன்றைக்கே சரிபார்த்துவிடுங்கள். மறுநாள் பார்த்தால் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கே விளங்காது.

தமிழில் நாள்தோறும் 1,667 சொற்கள் எழுத முயன்றேன். முடியவில்லை. குறை என்னுடையதா?
– மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்

கணக்குடையது. அந்த இலக்கு ஆங்கிலத்துக்கு வகுக்கப்பட்டது. 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்று நாம் ஒரே சொல்லில் எழுதுவதை ஆங்கிலத்தில் எழுத ஐந்தாறு சொற்கள் வேண்டும். தமிழில் நாளொன்றுக்கு 1,000 சொற்கள் போதும் என்பது என் கருத்து. மாதத்தில் 30,000 சொற்கள் சேரும். டெம்மி அளவுப் பக்கத்தில் ஏறத்தாழ 200 முதல் 250 சொற்கள் அடங்கும் என்று வைத்துக்கொண்டால், 120 முதல் 150 பக்கப் புத்தகம் ஒன்றுக்கு அது சரியாக இருக்கும். சொற்களைப் பிரித்துப் பிரித்து எழுதினால் கணினி கூடுதலாக எண்ணும் என்பதை நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். மெய்ப்புத் திருத்துபவர் அவற்றையெல்லாம் மறுபடி சேர்ப்பார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உற்சாகமாகத் தொடங்குகிறேன். பத்தாம் நாளைத் தாண்டுவதே இல்லை. ஏன்?
– ஆய்வு மாணவர், யாழ்ப்பாணம்

நானோரைமோ எழுதுபவர்களிடையே இரண்டாம் வாரம் என்றாலே ஒரு பயம் உண்டு. முதல் வாரத்தில் எல்லாமே அறிமுகம்: ஊர், வீடு, மனிதர்கள், மழை. அறிமுகம் செய்வதற்கு எல்லையில்லை, அதில் தவறவும் முடியாது. இரண்டாம் வாரத்தில் அந்த மனிதர்கள் ஏதாவது செய்தாக வேண்டும். அவர்களில் ஒருவருக்கு எது வேண்டும், அதைக் கிடைக்கவிடாமல் தடுப்பது எது என்பது தெரியாமல் தொடங்கியிருந்தால் பேனா அங்கேதான் நிற்கும். ஆகவே தொடங்குமுன் கதை முழுவதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்த ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம், திரும்பிப் படிப்பது. என் மேசைக்கு வரும் கைப்பிரதிகளில், முதல் மூன்று அத்தியாயங்கள் பல முறை மெருகேற்றப்பட்டு, நான்காவதிலிருந்து நடுக்கம் தொடங்கி, ஏழாவதில் அவசரமாக யாரையாவது சாகடித்து முடிபவை ஏராளம். ஒவ்வொரு நாளும் முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டு எழுதத் தொடங்குபவர்களுக்கு நேர்வது அது. வரைவு முடியும் வரை நேற்றைய கடைசிப் பத்தியைத் தவிர வேறு எதையும் படிக்காதீர்கள். கதாநாயகியின் அண்ணன் இனித் தேவையில்லை என்று பன்னிரண்டாம் நாள் தோன்றினால், பின்னால் போய் அவனை நீக்க வேண்டாம். தனிக் குறிப்பேட்டில் 'அண்ணன் இல்லை' என்று எழுதிவைத்துவிட்டு, அவன் பிறக்கவே இல்லை என்பதுபோல் பதின்மூன்றாம் நாளைத் தொடருங்கள். தகவல் தெரியாத இடத்தில் சதுர அடைப்பு ஒன்றைப் போட்டு 'இங்கே படகுத்துறை, விசாரிக்க' என்று எழுதிவிட்டுக் கடந்துவிடுங்கள். தகவல் தேட இணையத்துக்குள் போனவர் அன்று திரும்பி வருவதில்லை.

அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும் இடத்திலேயே அன்றைய எழுத்தை நிறுத்த வேண்டும் என்பது ஹெமிங்வேயின் அறிவுரை. அத்தியாயம் முடிந்த நிம்மதியோடு எழுந்தால், மறுநாள் வெறுங்கையோடு உட்கார வேண்டியிருக்கும்.

செயற்கை நுண்ணறிவிடம் முதல் வரைவை வாங்கிக்கொண்டு நான் திருத்தினால் என்ன?
– வாசகர், பெங்களூரு

நானோரைமோ அமைப்பையே உலுக்கிய கேள்வி இது. செயற்கை நுண்ணறிவை முற்றாக நிராகரிப்பது வசதி குறைந்தவர்களையும் உடற்குறை உள்ளவர்களையும் புறந்தள்ளுவதாகும் என்ற பொருள்பட 2024 செப்டம்பரில் அது அறிக்கை வெளியிட்டபோது, அதன் எழுத்தாளர் குழுவிலிருந்து சிலர் விலகினார்கள். அறம் பற்றிய அந்த வாதம் ஒருபுறம் இருக்கட்டும், பயன் என்ற அளவில் மட்டும் சொல்கிறேன். தன் கதை உண்மையில் யாரைப் பற்றியது என்பதை எழுத்தாளர் கண்டுகொள்ளும் இடம் முதல் வரைவு. அதை வேறொன்று எழுதித் தந்தால் பக்கங்கள் கிடைக்கும், நீங்கள் கண்டுகொண்டது எதுவும் இருக்காது. பிறகு எதை அளவுகோலாக வைத்துத் திருத்துவீர்கள்?

நவம்பரில் எழுதினால் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்துவிடலாம் அல்லவா?
– வாசகர், புதுச்சேரி

கொண்டுவந்துவிடலாம், பலர் கொண்டுவருகிறார்கள், அதுதான் கவலை. வார இதழ்த் தொடர்கதைக் காலத்திலிருந்தே, எழுதியது எழுதியபடி அச்சேறுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. தொடர்கதை எழுதியவருக்கு வேறு வழி இல்லை, போன வார அத்தியாயம் ஏற்கெனவே வாசகர் வீட்டில் இருந்தது. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பதிப்பாசிரியர் என்ற பணியைத் தமிழில் தீவிரமாக எடுத்துக்கொண்ட க்ரியா பதிப்பகத்தின் ராமகிருஷ்ணனைப் போன்றவர்கள் அரிதாகவே இருந்திருக்கிறார்கள். ஆகவே திருத்தும் பொறுப்பில் பெரும்பகுதி எழுதியவர் தலையிலேயே விழுகிறது.

நவம்பரில் முடித்த வரைவைக் குறைந்தது ஆறு வாரம் தொடாமல் வையுங்கள். புத்தகக் காட்சிக்குப் போய்ப் பிறர் நாவல்களை வாங்கிப் படியுங்கள். பொங்கலுக்குப் பிறகு அச்செடுத்து, கையில் பேனா இல்லாமல், ஒரே மூச்சில் படியுங்கள். எங்கே உங்களுக்கே சலிக்கிறது என்பதை மட்டும் ஓரத்தில் மடித்துவையுங்கள். இரண்டாம் வரைவைப் புதிய கோப்பில் முதல் வரியிலிருந்து மறுபடி தட்டச்சு செய்வது நல்லது. பழைய கோப்பிலேயே திருத்தினால் நீக்க வேண்டிய காட்சிகள் சொற்திருத்தம் பெற்று உயிர்பிழைத்துவிடும். அதன் பிறகு இரண்டு பேரிடம் கொடுங்கள். அவர்களில் ஒருவராவது எழுதும் ஆசை இல்லாத, நாவல் படிக்கும் பழக்கம் மட்டும் உள்ளவராக இருக்கட்டும். எந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போனார் என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், நம் ஊரில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.