மடாதிபதியின் கையெழுத்து – கடிதம்

வணக்கம்.

டிஸ்னி பிளஸ்ஸில் ‘ஷார்ட்லேக்’ தொடரின் நான்கு பகுதிகளையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, சி. ஜே. சான்ஸமின் மூல நாவலான ‘டிஸ்ஸொல்யூஷன்’ படித்தேன். குழம்பிப்போனேன். தொடரில் வழக்கறிஞர் ஷார்ட்லேக்குடன் வரும் பராக் நாவலில் இல்லவே இல்லை. மார்க் என்று வேறொருவன் வருகிறான். தொடரில் இருந்த விறுவிறுப்பும் நாவலில் இல்லை. இன்னொரு சந்தேகம்: ஒரு கொலையைத் துப்பறிய வழக்கறிஞரை ஏன் அனுப்ப வேண்டும்? நம்பும்படி இல்லையே.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிச் சந்தேகத்திலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

கதை நடப்பது 1537-இல். அன்றைய இங்கிலாந்தில் காவல்துறை என்று ஒன்றே கிடையாது. ஊருக்கு ஒரு கான்ஸ்டபிள் உண்டு. அவரும் சம்பளமில்லாமல், முறை வைத்து அந்த வேலையைச் சுமக்கும் ஏதோ ஓர் ஊர்க்காரர். இந்த நிலையில் சாட்சியை மடக்கிக் கேள்வி கேட்கவும், கணக்குப் புத்தகத்தில் திருட்டைக் கண்டுபிடிக்கவும் பழகியவர் யார்? வழக்கறிஞர்தான்.

ஆனால் சான்ஸம் அவரை அனுப்புவதற்கு இதைவிட வலுவான காரணம் இருக்கிறது. 1536-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்களை மூடத்தான் மன்னர் எட்டாம் ஹென்றிக்கு அதிகாரம் கொடுத்தது. பெரிய மடங்களை அப்படி மூட முடியாது. மடாதிபதியே ‘மனமுவந்து’ ஒப்படைப்பதாகப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். அந்த மன உவப்பை வரவழைப்பதுதான் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் அனுப்பிய ஆணையர்களின் வேலை. ஒழுக்கக்கேடு ஏதாவது அகப்படுகிறதா என்று துருவுவார்கள், ஓய்வூதியம் தருவதாகச் சொல்வார்கள், மிரட்டுவார்கள். 1540-க்குள் இங்கிலாந்தில் ஒரு மடம்கூட மிஞ்சவில்லை.

கதையில் வரும் ஸ்கார்ன்ஸீ மடத்தில் தலை வெட்டப்பட்டுக் கிடக்கும் சிங்கிள்டன் அப்படி ஓர் ஆணையர். அவர் இடத்துக்கு வரும் ஷார்ட்லேக்குக்கு ஆக இரண்டு வேலைகள்: கொலையாளியைக் கண்டுபிடிக்க வேண்டும், அந்தக் கையெழுத்தையும் வாங்க வேண்டும். மதச் சீர்திருத்தத்தை மனதார நம்புகிறவர் அவர். முதுகு வளைந்தவர், நாள் முழுக்கக் குதிரையில் வந்தால் இரவு வலியில் தூக்கம் வராது. (அந்தக் குதிரைக்கு அவர் வைத்திருக்கும் பெயர் சான்சரி, ஒரு நீதிமன்றத்தின் பெயர். தொழில்புத்தி!) விசாரணை நீள நீள, மடத்து நிலமெல்லாம் யார் மடியில் போய் விழப்போகிறது என்பது அவருக்குப் புரியத் தொடங்குகிறது. நீங்கள் மந்தம் என்று நினைத்த பக்கங்களில்தான் அவருடைய நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்படுகிறது. கொலையாளி யார் என்பது தெரிந்த பிறகும் அந்தப் பக்கங்களுக்காகவே நான் இரண்டாம் முறை படித்தேன்.

நாவல் முழுக்க ஷார்ட்லேக்கே சொல்லும் கதை. ஒரு மனிதனின் தலைக்குள் நடக்கும் இந்த அரிப்பைக் கேமராவால் காட்டிவிட முடியாது. திரையில் அவரோடு சண்டை போட ஓர் ஆள் வேண்டும். அதற்காகத்தான் இரண்டாம் நாவலில் வர வேண்டிய பராக்கை முதல் கதைக்கே இழுத்து வந்திருக்கிறார்கள். இவன் உதவிக்கு வந்தவனா, கிராம்வெல்லின் ஒற்றனா என்ற சந்தேகம் நான்கு பகுதிகளையும் ஓட்டிச் செல்கிறது. கெட்டிக்காரத்தனமான முடிவு என்றே சொல்வேன்.

ஆனால் விலை கொடுத்திருக்கிறார்கள். மார்க்கை ஷார்ட்லேக் மகனைப் போல நினைக்கிறார். அவனுடைய நிமிர்ந்த முதுகைப் பார்த்து உள்ளூரப் பொறாமையும் படுகிறார். அவருக்கு முன்பே அந்த இளைஞனின் மனசாட்சி விழித்துக்கொள்கிறது. நாவலின் முடிவு வலிப்பது மார்க்கால்தான். படிக்காதவர்கள் இருக்கிறார்கள், இதற்கு மேல் சொல்லமாட்டேன்.

ஷார்ட்லேக்காக நடித்த ஆர்தர் ஹியூஸைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதாதது ஆச்சரியம். பிறவியிலேயே வலது கையில் குறைபாடு உள்ள நடிகர் அவர். கூனனைக் கண்டால் கெட்ட சகுனம் என்று ஒதுங்கும் ஊரில், பிறர் பார்வை தன்மேல் விழுவதற்கு முன்பே அதற்குத் தயாராகிவிடும் ஒரு மனிதனை அவர் முகத்தில் பார்த்தேன். கிராம்வெல்லாக வரும் ஷான் பீனைவிட எனக்கு நினைவில் நிற்பவர் அவர்தான்.

சான்ஸமே சசெக்ஸில் வழக்கறிஞராக இருந்தவர், வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர். தொடர் வெளியானது 2024 மே 1-இல். அவர் ஏப்ரல் 27-இல் இறந்துவிட்டார்.

அடுத்து இரண்டாம் நாவலான ‘டார்க் ஃபயர்’ படியுங்கள். வழக்கறிஞர் ஏன் என்ற உங்கள் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. சிறுவன் ஒருவனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட பெண், நீதிமன்றத்தில் வாயே திறக்கமாட்டாள். குற்றவாளி என்றோ இல்லை என்றோ சொல்லாதவரைப் பழைய ஆங்கிலச் சட்டப்படி விசாரிக்கவே முடியாது. அதனால் படுக்கவைத்து மார்பில் எடையை ஏற்றிக்கொண்டே போவார்கள், பேசும்வரை அல்லது சாகும்வரை. 1772 வரை அந்த வழக்கம் ஏட்டில் இருந்தது. பேசாமல் செத்தால் தண்டனை பெற்றதாக ஆகாது, சொத்தும் மன்னருக்குப் போகாது என்பதற்காகவே வலிய அப்படிச் செத்தவர்கள் உண்டு. இந்தப் பெண்ணின் மௌனத்துக்குக் காரணம் வேறு.

பராக் முறைப்படி அறிமுகமாவதும் அங்கேதான். உங்களுக்கு அவன் பழகிய முகமாக இருப்பான். ஷார்ட்லேக்குக்குத்தான் பார்த்ததுமே அவனைப் பிடிக்காது.