சங்கக் கணக்கும் செயலியும்: வாசகர் கேள்வி – தணிக்கையாளர் பதில்

வீட்டு உரிமையாளர் சங்கங்களுக்கு மென்பொருள் வாங்குவது பற்றிச் சில காலமாகவே கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழில். அந்த மேசையிலிருந்து பார்த்ததைக் கொண்டு சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் பொருளாளர் எல்லாக் கணக்கையும் தன் மடிக்கணினியில் எக்செலில் வைத்திருக்கிறார். மிகவும் நேர்மையானவர். புதிய செயற்குழுவோ மாதாமாதம் பணம் கட்டி ஒரு செயலி வாங்க வேண்டும் என்கிறது. நல்ல மனிதர் இருக்கும்போது இந்தச் செலவு எதற்கு?

பதில்: அவர் நல்ல மனிதர் என்பதாலேயே வேண்டும் என்பேன். மடிக்கணினியில் இருக்கும் எக்செல் கோப்பில் ஒரு தொகையைத் திருத்தினால், பழைய தொகை என்ன, எப்போது திருத்தப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது. நாளைக்குப் பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து சந்தேகம் கேட்டால், தன் நேர்மையைக் காட்ட அந்த மனிதரிடம் எந்த ஆதாரமும் இருக்காது. இப்படிப் பழிக்கு ஆளாகி, இனி சங்கத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று விலகிய பொருளாளர்கள் உண்டு.

விற்பனையாளர் செயலியைக் காட்ட வரும்போது ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு ரசீதைப் போடச் சொல்லுங்கள், அப்புறம் அதை அழிக்கச் சொல்லுங்கள். சுவடே இல்லாமல் அழிந்துவிட்டால் அந்த மென்பொருள் வேண்டாம். ஒழுங்கான கணக்கு மென்பொருளில் பதிவை அழிக்க முடியாது. தவறான தொகையைச் சமன்செய்யும் எதிர்ப்பதிவு ஒன்றைப் போட்டுத்தான் திருத்த முடியும், யார் எப்போது போட்டார் என்பதும் கூடவே நிற்கும்.

அடுத்து, செலவு வவுச்சர்களையும் ஒப்பந்தங்களையும் எல்லா உரிமையாளர்களும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்லுங்கள். செயற்குழு மட்டும் பார்க்கும் செயலியால் அரைப் பயன்தான். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள மயாமி பகுதியில், 6,000க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட ஹாமக்ஸ் சங்கத்தின் பணத்தைக் கையாடியதாக 2022 நவம்பரில் அதன் நிர்வாகிகள் சிலர் கைது செய்யப்பட்டார்கள். அதற்குப் பிறகு வந்த புளோரிடா சட்டத்தின்படி, 100 மனைகளோ அதற்கு மேலோ உள்ள சங்கங்கள் வரவு செலவுத் திட்டம், ஒப்பந்தங்கள், விதிகள் ஆகியவற்றை 2025 ஜனவரி 1 முதல் உறுப்பினர்களுக்கு இணையத்தில் கிடைக்கச் செய்ய வேண்டும். சட்டம் சொல்லாத ஊரிலும் சங்கம் தானாகவே இதைச் செய்யலாமே!

பத்துப் பதினைந்து வீடுகள் மட்டும் என்றால் செயலி தேவையில்லை. திருத்தங்களின் வரலாறு பதிவாகும் கூகுள் ஷீட்டும், எல்லோருக்கும் அனுப்பப்படும் வங்கி அறிக்கையும் போதும்.

கேள்வி: மாதாமாதம் தவறாமல் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறேன். ஆனாலும் செயலியில் என் வீட்டுக்கு நிலுவை காட்டுகிறது, மாதத்துக்கு மாதம் கூடவும் செய்கிறது. செயலாளரைக் கேட்டால், "சிஸ்டம் அப்படித்தான் காட்டுகிறது மேடம்" என்கிறார்.

பதில்: செயலாளர் சொன்னது பதிலே அல்ல, அம்மா. சிஸ்டம் தானாக எதையும் முடிவு செய்யாது. யாரோ ஒருவர் அமைத்த விதிப்படிதான் கணக்குப் போடும். அந்த விதி என்ன என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். முதலாவது, நீங்கள் கட்டிய பணம் வேறெங்கோ உட்கார்ந்திருக்கலாம். வங்கி அறிக்கையில் தேதி, தொகை, பாதியில் வெட்டுப்பட்ட ஒரு பெயர், இவ்வளவுதான் வரும். வீடு உங்கள் பெயரில் இருந்து, பணத்தை உங்கள் மகன் தன் கணக்கிலிருந்து அனுப்பினால், அது எந்த வீட்டுக்கானது என்று மென்பொருளுக்குத் தெரியாது. 'அடையாளம் தெரியாத வரவு' என்ற தலைப்பில் கிடக்கும். அந்தத் தலைப்பில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எந்தச் சங்கத்திலும் நான் முதலில் கேட்பேன். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மெய்நிகர் கணக்கு எண் (சங்கத்தின் ஒரே வங்கிக் கணக்குக்கு, வீட்டுக்கு ஒன்றாக வங்கி தரும் எண்) கொடுத்துவிட்டால், யார் அனுப்பினாலும் பணம் சரியான வீட்டில் போய்ச் சேரும்.

இரண்டாவது, வரவு வைக்கும் வரிசை. மாதக் கட்டணம் 100 என்று வைத்துக்கொள்வோம். எப்போதோ ஒரு மாதம் நான்கு நாள் தாமதம், அதற்கு அபராதம் 5. நீங்கள் 100 மட்டும் கட்டினீர்கள். அடுத்த மாதம் சரியான தேதியில் 100 கட்டும்போது, மென்பொருள் அதில் 5ஐப் பழைய பாக்கிக்கு எடுத்துக்கொண்டு 95ஐத்தான் அந்த மாதக் கட்டணத்தில் சேர்க்கிறது. கட்டணத்தில் 5 குறைவு, ஆகவே மறுபடியும் அபராதம் 5. நேரத்துக்குக் கட்டியும் நிலுவை இப்போது 10. இப்படியே வளரும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எந்த வரிசை சரி என்பது அந்தந்த இடத்துச் சட்டத்தையும் சங்க விதிகளையும் பொறுத்தது. புளோரிடாவில், வரும் பணம் முதலில் வட்டிக்கும் அபராதத்துக்கும் போகும். கலிஃபோர்னியாவிலோ முதலில் அசல் கட்டணத்தைத் தீர்த்த பிறகுதான் மற்றவை. அசலுக்கு முதலிடம் கொடுப்பதே நியாயம் என்பது என் கருத்து. உங்கள் சங்க விதியில் ஒன்றும் சொல்லவில்லை என்றால் பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். மென்பொருள் அமைப்பில் மாற்றுவது பெரிய வேலையே அல்ல. அதற்குள், உங்கள் வீட்டுக்கான முழுக் கணக்கேட்டையும் முதல் நாளிலிருந்து எடுத்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு ஸ்மார்ட்போன் பழக்கமில்லை. கூட்டம் நடந்ததே தெரியவில்லை என்று வருத்தப்படுகிறார். சங்கத்தில் கேட்டால், "செயலியில் போட்டாச்சு" என்கிறார்கள்.

பதில்: செயலியில் போட்டது மட்டும் போதாது. அறிவிப்புப் பலகையில் ஒரு தாள், கேட்பவருக்கு வீட்டில் ஒரு நகல், காகித ரசீது, இவை தொடர வேண்டும். அப்பா சார்பில் நீங்களே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: குடியிருப்பின் நுழைவாயில் செயலியில் வீட்டுவேலை செய்யும் பெண்களின் படம், தொலைபேசி எண், வந்து போகும் நேரம் எல்லாம் பதிவாகின்றன. அவர்களுக்கு நட்சத்திர மதிப்பெண்ணும் போடுகிறார்கள். இது சரியா?

பதில்: எனக்கு மனம் ஒப்பவில்லை. நுழைவாயில் பாதுகாப்புக்குப் பெயரும் எந்த வீட்டுக்கு வருகிறார் என்பதும் போதும். ஒருவர் எத்தனை மணிக்கு எந்த வீட்டிலிருந்து வெளியேறினார் என்பதைக் குடியிருப்பே பார்க்க வேண்டிய அவசியம் என்ன? தேவைக்கு மேல் திரட்டாதே, வேலை முடிந்ததும் அழித்துவிடு என்பது ஐரோப்பாவில் 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. அந்த அளவுகோல் எங்கும் பொருந்தும்.

மதிப்பெண் விஷயம் இன்னும் மோசம். கோபத்தில் ஒருவர் போட்ட ஒரு நட்சத்திரம் இன்னொரு வீட்டு வேலையைப் பறித்துவிடும். பதில் சொல்ல அந்தப் பெண்ணுக்குச் செயலியில் இடமே இல்லை. அந்த வசதியை அணைத்துவைக்கும்படி செயற்குழுவிடம் கேளுங்கள். எத்தனை நாளில் பதிவுகள் அழியும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: நிர்வாகக் குழுத் தேர்தலைச் செயலியிலேயே நடத்தலாமா? பழையபடி வாக்குச்சீட்டுதான் பத்திரம் என்கிறார்கள் மூத்தவர்கள்.

பதில்: சீட்டு என்பதால் மட்டும் பத்திரம் ஆகிவிடாது. லாஸ் வேகாஸில் 2003க்கும் 2009க்கும் இடையே, போலி வாக்குச்சீட்டுகளைக் கொண்டே சில சங்கங்களின் நிர்வாகத்தை ஒரு கும்பல் கைப்பற்றியது. நீதிமன்றத்தில் நிரூபணமான வழக்கு அது. செயலியில் நடத்தினால் ஓ.டி.பி. யாருடைய எண்ணுக்குப் போகிறது என்பதை முதலில் பாருங்கள். பல வீடுகளில் உரிமையாளருக்குப் பதிலாக வாடகைக்கு இருப்பவரின் எண்ணே பதிவாகியிருக்கும், அப்போது உரிமையாளரின் வாக்கு வாடகைக்காரர் கைக்குப் போய்விடும். தேர்தலுக்கு முன்பே வாக்காளர் பட்டியலை வெளியிட்டு, திருத்தக் கால அவகாசம் கொடுத்து, அதன்பின் பூட்டிவிடுங்கள். யார் வாக்களித்தார் என்பது தெரியலாம், யாருக்கு என்பது அட்மினுக்கும் தெரியக்கூடாது.

கேள்வி: இப்போதுள்ள மென்பொருளை விட்டு வேறொன்றுக்கு மாறப்போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பழைய நிறுவனத்திடம் சொல்வதற்கு முன்பே தரவுகளை இறக்கிவையுங்கள். பி.டி.எஃப். மட்டும் வாங்கினால் எல்லாவற்றையும் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டிவரும், எக்செலில் நேரடியாகத் திறக்கும் சி.எஸ்.வி. கோப்பாகக் கேளுங்கள். வீடுவாரியாகக் கட்டண நிலுவை, அபராதம், முன்பணம், வைப்புத்தொகை தனித்தனியாக இருக்க வேண்டும். வவுச்சர் படங்களையும் மறக்காதீர்கள்.

முதன்மை அட்மின் கணக்கு முன்னாள் செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அவர் வீட்டை விற்றுவிட்டுப் போயிருந்தால் பாஸ்வேர்டும் கூடவே போயிருக்கும். சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி, பொறுப்பில் இருக்கும் இருவரிடம் அதை வையுங்கள். நிதியாண்டின் தொடக்கத்தில் மாறுவது நல்லது. முதல் மாதம் இரண்டு மென்பொருளும் ஓடட்டும். மாதக் கடைசியில் வீடுவீடாக இருப்பை ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாதவற்றைத் தீர்த்த பிறகு பழையதை நிறுத்துங்கள்.