உணவகத்தின் வெளி மேசைகளும் மூன்று மீட்டர் விதியும்: வாசகர் கேள்வி – பதில்

மலேசிய உணவகங்களில் புகைபிடிக்கத் தடை இருப்பது அனைவருக்கும் தெரியும். ஆனால் கடைக்கு வெளியே போடப்படும் மேசைகளைப் பற்றி மாதந்தோறும் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுள் ஐந்தை மட்டும் தேர்ந்தெடுத்து இவ்விதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி (ஈப்போவிலிருந்து ஒரு வாசகி): என் தந்தைக்கு நெடுங்காலமாக நுரையீரல் நோய் இருக்கிறது. விடுமுறை நாள்களில் அவரை அழைத்துக்கொண்டு வீட்டருகே உள்ள இந்திய முஸ்லிம் உணவகமான மாமாக் கடைக்குச் செல்வோம். உள்ளே புழுக்கமாக இருப்பதால், வாகன நிறுத்துமிடத்தில் போட்டிருக்கும் மேசைகளில் அமர்வோம். பக்கத்து மேசையில் இருப்பவர்கள் சிகரெட்டைப் பற்ற வைக்கிறார்கள். அணைக்கச் சொன்னால், "இது கடைக்கு வெளியே, மேலே கூரைகூட இல்லை, இங்கே சட்டம் செல்லாது" என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா?

பதில்: சரியில்லை, சகோதரி. ஆனால் அவர்கள் அப்படிச் சொல்வதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 2004ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகள் முதலில் குளிர்சாதன வசதியுள்ள உணவகங்களில் மட்டுமே புகைபிடிப்பதைத் தடை செய்திருந்தன. மின்விசிறி சுழலும் சாதாரணக் கடைகளிலும், கடைவீட்டின் முன்புற நடைபாதையான அஞ்சடியிலும், சாலையோரத்திலும் சாப்பிடுபவர்கள் அப்போது தாராளமாகப் புகைபிடித்தார்கள். அந்த நிலை 2019 ஜனவரி 1ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. அன்று முதல் குளிர்சாதனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உணவு தயாரித்துப் பரிமாறும் எல்லா இடங்களும், சாலையோர ஒட்டுக்கடைகள் உட்பட, புகைபிடிக்கக் கூடாத இடங்களாயின. திறந்தவெளி மேசைகளுக்கும் இது பொருந்தும். புகைபிடிக்க விரும்புபவர் உணவகத்திலிருந்து மூன்று மீட்டர், அதாவது ஏறத்தாழ பத்து அடி, விலகிச் செல்ல வேண்டும். சாப்பாட்டு மேசை எதுவரை போடப்பட்டிருக்கிறதோ அதுவரை உணவகம்தான் என்பதால், நீங்கள் அமரும் மேசைக்குக் கூரை இல்லை என்பது ஒரு வாதமே ஆகாது.

முதல் ஓராண்டு அபராதம் விதிக்காமல் எச்சரிக்கையும் விளக்கமும் மட்டுமே வழங்கப்பட்டன. முதலில் ஆறு மாதம் என்று அறிவிக்கப்பட்ட அந்தச் சலுகைக் காலம் பின்னர் 2019 டிசம்பர் இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. இந்தச் சட்டம் வெறும் அறிவுரை என்ற எண்ணம் பலர் மனத்தில் தங்கிப்போனதற்கு அந்த ஓராண்டும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். இப்போது நடப்பில் இருப்பது 2024 அக்டோபர் 1ஆம் தேதி அமலுக்கு வந்த 852ஆம் சட்டம், அதாவது பொதுச் சுகாதாரத்திற்கான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம். தடை செய்யப்பட்ட இடத்தில் புகைபிடிப்பவருக்கு அதன்கீழ் 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம்.

திறந்தவெளியில் புகை உடனே கலைந்துபோய்விடும் என்று சொல்வதிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உணவகங்களின் திறந்தவெளி இருக்கைகளிலும் பூங்காக்களிலும் எடுத்த அளவீடுகளை 2007இல் வெளியிட்டார்கள். புகைபிடிப்பவரிடமிருந்து இரண்டு அடி தொலைவுக்குள், காற்று புகையைக் கொண்டுவரும் பக்கமாக அமர்ந்திருப்பவர் சுவாசிக்கும் புகைத்துகள்கள், மூடிய அறைக்குள் இருப்பதற்கு இணையான அளவை எட்டக்கூடும் என்பதும், ஏறத்தாழ இரண்டு மீட்டருக்கு அப்பால் அந்த அளவு வெகுவாகக் குறைகிறது என்பதும் அவர்கள் கண்ட முடிவு. மாமாக் கடையில் ஒரு மேசைக்கும் அடுத்த மேசைக்கும் நடுவே தண்ணீர் கொண்டுவரும் ஊழியர் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடிகிறது. அந்த இடைவெளியில் உங்கள் தந்தையின் மூச்சுக்கு என்ன பாதுகாப்பு இருக்க முடியும்?

பக்கத்து மேசைக்காரருடன் நீங்கள் நேரடியாக வாதாட வேண்டியதில்லை. கடைப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். நிறுத்தச் சொல்ல வேண்டிய கடமை அவருடையது. அவர் அசையாவிட்டால் கடையின் பெயர், முகவரி, நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு மாவட்டச் சுகாதார அலுவலகத்திலோ சுகாதார அமைச்சின் இணையவழிப் புகார்ப் பிரிவிலோ தெரிவிக்கலாம். "அந்த வட்டாரத்தில் புகைபிடிக்கிறார்கள்" என்று பொதுவாக எழுதும் புகாரைவிட, எந்தக் கடை, எத்தனை மணி என்று எழுதும் புகாருக்கே பலன் கிடைக்கும்.

கேள்வி (கிள்ளானிலிருந்து ஓர் உணவக உரிமையாளர்): தடை அறிவிப்பைச் சுவரில் ஒட்டிவிட்டேன். அதற்கு மேல் வாடிக்கையாளர் புகைபிடித்தால் நான் எப்படிப் பொறுப்பாவேன்? கண்டித்தால் மறுநாள் எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள். என் கடைக்கு இருபுறமும் உணவகங்கள் இருக்கின்றன. மூன்று மீட்டர் தள்ளிப் போகச் சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள்?

பதில்: உங்கள் கவலை புரிகிறது, ஐயா. நேர்மையாகத் தொழில் செய்பவர் வாடிக்கையாளரை இழக்கும்போது ஏற்படும் வருத்தம் சிறியதன்று. என்றாலும் அறிவிப்பை ஒட்டியதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. 2004ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, அறிவிப்பு வைக்காத உரிமையாளருக்கு 3,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமிருந்தது. புகைபிடிக்க வசதி செய்து கொடுத்தவருக்கு அதைவிடக் கடுமையாக, 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ விதிக்கலாம் என்றிருந்தது. அறிவிப்பு வைப்பதும் வசதி செய்து கொடுக்காமல் இருப்பதும் புதிய சட்டத்திலும் உரிமையாளரின் பொறுப்புகளாகவே தொடர்கின்றன.

வசதி என்றால் கண்ணாடிச் சாம்பல் தட்டு மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர்கள். பல கடைகளில் இரவு ஒன்பது மணிக்கு மேல், கெட்டிப்பால் டின்னில் பாதியளவு தண்ணீர் ஊற்றி வெளி மேசைகளின் காலடியில் வைத்துவிடுகிறார்கள். அதிகாரி வந்தால் குப்பை போடுவதற்கு என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. அந்த டின்னுக்குள் மிதக்கும் சிகரெட் துண்டுகள் வேறு கதை சொல்லும். அதை எடுத்துவிடுங்கள். டின் இல்லாத மேசையில் சிகரெட்டைப் பற்ற வைப்பதற்கு வாடிக்கையாளரே ஒரு கணம் தயங்குவார்.

மூன்று மீட்டர் எங்கே கிடைக்கும் என்பது நியாயமான கேள்வி. நம் ஊர்களில் ஒரு கடைவீட்டின் அகலம் பெரும்பாலும் இருபது அடிதான். அடுத்தடுத்து மூன்று உணவகங்கள் இருந்தால் அஞ்சடியில் பத்து அடி விலகிய இடம் என்று ஒன்று இருக்கவே முடியாது. ஒரு கடையிலிருந்து விலகுபவர் அடுத்த கடையின் எல்லைக்குள் போய் நிற்பார். ஆகவே பக்கவாட்டில் அளப்பதை விட்டுவிட்டு முன்பக்கமாக அளந்து பாருங்கள். ஒரு கார் நிறுத்தும் கட்டத்தின் நீளம் ஏறத்தாழ ஐந்து மீட்டர். உங்கள் கடைசி மேசைக்கும் புகைபிடிப்பவருக்கும் நடுவே அப்படி ஒரு கட்டம் முழுமையாக இருந்தால் விதி நிறைவேறிவிடும். ஆனால் மாலையில் அந்தக் கட்டத்திலேயே நீங்கள் மேசை போட்டுவிட்டால், எல்லையும் மேசையோடு சேர்ந்து சாலைப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. வாடிக்கையாளரை வாகனங்கள் ஓடும் இடத்திற்குத் தள்ளுவது புகைபிடிக்கும் விதி அன்று. நாம் போடும் கூடுதல் மேசைகள்தாம். சாலையோரத்தில் மேசை போடுவதற்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி தனியாகத் தேவை என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன். அதிகாரிகள் வரும்போது இரண்டு பிரச்சினைகளும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள் என்பதற்கு நான் காணும் வழி ஒன்றே. அந்த வரிசையில் உள்ள கடைக்காரர்கள் அனைவரும் ஒருமுறை கூடிப் பேசி, எல்லாருமே ஒரே நாளில் இதை நடைமுறைப்படுத்துங்கள். எந்தக் கடையிலும் முடியாது என்று தெரிந்துவிட்டால், வாடிக்கையாளர் கடை மாற மாட்டார். எழுந்து பத்து அடி நடப்பார். ஒரு கடை மட்டும் கடைப்பிடித்து மற்றவை கடைப்பிடிக்காமல் இருக்கும் இடங்களில்தான் நேர்மையானவருக்கு நட்டம் வருகிறது. அந்த நட்டத்தை உங்கள் மீது சுமத்துபவர்கள் விதியை மதிக்காத மற்ற உரிமையாளர்கள் என்பதை அவர்களிடமே நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

கேள்வி (சிரம்பானிலிருந்து ஒரு வாசகர்): வேப் பிடிப்பதும் இதில் அடங்குமா? அது வெறும் ஆவிதானே?

பதில்: அடங்கும். 852ஆம் சட்டம் மின்சிகரெட்டையும் வேப்பையும் புகைப்பொருள்களாகவே கருதுகிறது. 2024 அக்டோபர் முதல் உணவக மேசையில் வேப் பிடிப்பதும் சிகரெட் பிடிப்பதும் ஒரே குற்றம்தான். அதிலிருந்து வெளிவருவது வெறும் நீராவி அன்று. நிக்கோட்டினும் மிக நுண்ணிய துகள்களும் அதில் கலந்திருக்கின்றன. பழ வாசனை வருவதால் அது பழச்சாறு ஆகிவிடாது.

கேள்வி (ஜொகூர் பாருவிலிருந்து ஒரு வாசகர்): நான் முப்பது ஆண்டுகளாகப் புகைபிடிப்பவன். வரி கட்டித்தான் சிகரெட் வாங்குகிறேன். திறந்தவெளியில்கூடப் புகைபிடிக்கக் கூடாது என்பது என் உரிமையைப் பறிப்பதாகாதா? சிங்கப்பூரில் காப்பிக் கடைகளில் புகைபிடிப்பதற்கென்று ஓர் ஓரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதே ஏற்பாட்டை இங்கே ஏன் செய்யக் கூடாது?

பதில்: இந்தக் கேள்வி நீதிமன்றம்வரை சென்று வந்த ஒன்று. உணவகத் தடையை எதிர்த்துப் புகைபிடிப்பவர்கள் ஏழு பேர் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். கூட்டரசு அரசியலமைப்புச் சட்டம் உறுதியளிக்கும் உரிமைகளை இந்தத் தடை மீறுகிறது என்பது அவர்களின் வாதம். 2019 அக்டோபரில் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. சிகரெட் பிடிப்பதையே சட்டம் தடுக்கவில்லை. மற்றவர்கள் உண்ணும் இடத்தில் பிடிப்பதைத்தான் தடுக்கிறது. நீங்கள் கட்டும் வரி சிகரெட் வாங்கியதற்கான வரியே தவிர, பக்கத்து மேசைக் குழந்தையின் மூச்சுக் காற்றுக்குக் கொடுக்கும் விலை ஆகாது. உங்களைப் புண்படுத்த இதை எழுதவில்லை. இதைவிட மென்மையாகச் சொன்னால் உண்மை மறைந்துவிடும் என்பதால் இப்படி எழுதுகிறேன்.

சிங்கப்பூரைப் பற்றி நீங்கள் சொல்வது பாதி சரி. 2006இல் அங்கே உணவங்காடி நிலையங்களிலும் காப்பிக் கடைகளிலும் தடை வந்தபோது, திறந்த பகுதியில் கோடு போட்டு ஓர் ஓரத்தை ஒதுக்கிக்கொள்ள அனுமதித்தார்கள். ஆனால் 2017 ஜூன் 30 முதல் உணவுக் கடைகளில் புதிதாக அத்தகைய ஓரங்களுக்கு அனுமதி வழங்குவது நிறுத்தப்பட்டது. நீங்கள் எடுத்துக்காட்டாகச் சொல்லும் ஏற்பாட்டைச் சிங்கப்பூரே சிறுகச் சிறுகக் கைவிட்டு வருகிறது. தரையில் போட்ட கோட்டைப் புகை மதிப்பதில்லை என்பதை அந்த ஓரத்திற்கு அடுத்த மேசையில் ஒருமுறை அமர்ந்தவர்கள் அறிவார்கள்.

முப்பது ஆண்டுப் பழக்கத்தை விடுவது எவ்வளவு கடினம் என்பதை எவரும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அரசாங்கச் சுகாதார நிலையங்களில் புகைப்பழக்கத்தைக் கைவிட உதவும் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. ஆலோசனையும் தேவைப்பட்டால் மருந்தும் அங்கே கிடைக்கும். மன உறுதியால் மட்டும் முயன்று தோற்றவர்கள் பலர் இந்த உதவியோடு வெற்றி பெறுகிறார்கள். உங்கள் வட்டாரச் சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி (பினாங்கிலிருந்து ஒரு மாணவர்): பகுதிநேரமாக இரவில் ஓர் உணவகத்தில் வேலை செய்கிறேன். வெளி மேசைகளைக் கவனிப்பது என் பொறுப்பு. புகைபிடிப்பவர்களிடம் நிறுத்தச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. சாம்பல் தட்டு கேட்டால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று முதலாளி சொல்கிறார். நான் சிகரெட் பிடிப்பதில்லை. ஆனால் வீட்டிற்குப் போனால் சட்டை முழுவதும் சிகரெட் நாற்றம். நான் என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, இந்த மாதம் வந்தவற்றுள் நான் மிக முக்கியமாகக் கருதுவது உங்கள் கடிதத்தைத்தான். வாடிக்கையாளர் ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். பிடிக்காவிட்டால் அவர் வேறு மேசைக்கோ வேறு கடைக்கோ போகலாம். நீங்கள் ஒவ்வொரு மேசையிலும் குனிந்து தே தாரிக் தேநீரை வைத்து, காலி தட்டுகளை எடுத்து, இரவு முழுவதும் அந்தப் புகைக்குள்ளேயே நடமாட வேண்டியிருக்கிறது. பிறர் விடும் புகையால் உலகெங்கும் ஆண்டுதோறும் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. உணவகத் தடையைப் பற்றிப் பேசும் பலரும் குடும்பங்களையும் குழந்தைகளையும் குறிப்பிடுகிறார்கள். அது சரியே. ஆனால் அந்தத் தடையால் நாள்தோறும் அதிகமாகப் பயன்பெற வேண்டியவர் உணவக ஊழியர். அவருக்காக வாதாட அங்கே வேறு யாரும் இல்லை.

சாம்பல் தட்டு கொடுக்கச் சொல்வது முதலாளியின் குற்றமே ஆகும். முதலில் அதை அவருக்கு எதிரான புகாராக எடுத்துச் செல்லாமல், அவருடைய நலனை முன்வைத்துப் பேசிப் பாருங்கள்: அதிகாரிகள் வந்தால் மேசையில் இருக்கும் அந்தத் தட்டே அவருக்கு எதிரான சான்றாகிவிடும் என்று பணிவாகச் சொல்லுங்கள். வாடிக்கையாளரிடம் "நிறுத்துங்கள்" என்று சொல்ல அனுமதி இல்லாவிட்டாலும், "அண்ணே, அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள், கொஞ்சம் அந்தப் பக்கம் நின்று பிடித்துவிட்டு வாருங்கள், தேநீரை மூடி வைக்கிறேன்" என்று சொல்லலாம். இப்படிச் சொன்னால் பெரும்பாலானோர் எழுந்துவிடுவார்கள். முதலாளியும் மாறவில்லை, நிலைமையும் மாறவில்லை என்றால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் தெரிவியுங்கள். புகார் கொடுத்தவர் யார் என்பதை வெளியிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் வேலை செய்பவர் என்று குறிப்பிட வேண்டிய அவசியமும் இல்லை. வெளி மேசைகளில் எந்த நேரத்தில் புகைபிடிக்கிறார்கள், சாம்பல் தட்டு எங்கே வைக்கப்படுகிறது என்ற இரண்டு விவரங்கள் இருந்தால் அவர்கள் சோதனைக்கு வருவதற்குப் போதும்.