உட்கார்ந்தே இரண்டு வருடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இரண்டு வருடமாக, அமெரிக்க நவீன நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம் உருவாக்கிய முறையில் நடனம் கற்று வருகிறேன். வாரத்துக்கு ஐந்து வகுப்பு. இன்னமும் வகுப்பின் பெரும்பகுதி தரையில் உட்கார்ந்தேதான் போகிறது. அதே கான்ட்ராக்‌ஷன், அதே ரிலீஸ், அதே வரிசை. என்னோடு தொடங்கி வேறு இடங்களில் படித்தவர்கள் மேடை ஏறிவிட்டார்கள். என் ஆசிரியை "இன்னும் வரவில்லை" என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. பல நாள் உடை மாற்றும் அறையில் அழுதிருக்கிறேன். எனக்கு 24 வயது. தாமதமாக வந்துவிட்டேனோ? ஏறக்குறைய நூறு வருடப் பழைய ஒரு முறையை இவ்வளவு கடுமையாகப் படிக்கத்தான் வேண்டுமா? கிரஹாமின் குழுவில் ஆடிய மெர்ஸ் கன்னிங்ஹாமே இதை விட்டு வெளியேறியவர்தானே? மீதியை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு சொந்தமாக நடனம் அமைக்கத் தொடங்கலாமா? முட்டியும் வலிக்கிறது. நான் எப்போது மேடை ஏறுவேன்?

ஒரு வாசகி
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை முழுக்க நான் ஒரு சொல்லோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். கான்ட்ராக்‌ஷன் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? அந்தச் சொல்லுக்குப் பிறகு வருகிறேன். முதலில் சின்னக் கேள்விகளை முடித்துவிடுவோம்.

வயது ஒரு கேள்வியே இல்லை. 1894இல் பிறந்த கிரஹாம், அமெரிக்காவின் டெனிஷான் நடனப் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தது 1916இல். அப்போது அவருக்கு 22. வீடியோவைப் பற்றியும் பேச ஒன்றுமில்லை. வீடியோ உங்களைப் பார்க்காது. கன்னிங்ஹாம் வெளியேறினார், உண்மைதான். 1939இல் குழுவில் சேர்ந்து ஆறு வருடம் ஆடிய பிறகு, 1945இல் வெளியேறினார். எதை விடுகிறோம் என்று அவருடைய உடம்புக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்கு இன்னும் கைக்கு வராத ஒன்றை எப்படி விடுவீர்கள்?

முட்டி வலியை மட்டும் இப்படித் தள்ளிவிட முடியாது. தரையில் நாலாம் நிலையில் உட்காரும்போது ஒரு கால் முன்னால் மடங்கியும் மற்றது பின்னால் மடங்கியும் இருக்கிறது அல்லவா, அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு திறக்க மறுத்தால் பாரம் முட்டியில் இறங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதீர்கள். நாளைக்கே ஆசிரியையிடம் சொல்லுங்கள். உட்காருமிடத்துக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்துப் பாருங்கள். குறையவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். கடுமையான பயிற்சி என்றால் வலியைத் தாங்குவது என்று யாரோ உங்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். நடிகர் கிரெகரி பெக், நியூயார்க்கில் மாணவராக இருந்தபோது கிரஹாமின் வகுப்பில்தான் முதுகைக் காயப்படுத்திக்கொண்டார். இரண்டாம் உலகப் போரில் அவரைப் படையில் சேர்க்காததற்கு அந்த முதுகுதான் காரணம். பெரிய ஆசிரியரின் வகுப்பிலும் உடம்பு உடையும். வலியைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி. இப்போது கொஞ்சம் கோபப்பட அனுமதியுங்கள். உங்கள் முழுக் கடிதத்தையும் மூன்று முறை படித்தேன். மேடை என்ற சொல் அதில் 11 இடத்தில் வருகிறது. வருடக் கணக்கு இருக்கிறது, வகுப்புக் கணக்கு இருக்கிறது, தோழிகளின் கணக்கும் இருக்கிறது. மூச்சு என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. இரண்டு வருடம் கிரஹாம் வகுப்பில் உட்கார்ந்த ஒருவர் அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதுகிறார், மூச்சைப் பற்றி ஒரு வரி இல்லை! உங்கள் ஆசிரியை "இன்னும் வரவில்லை" என்று எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர் அதை உங்களுக்கும் புரியும்படி சொல்லியிருக்க வேண்டும். அவர் மீதும் எனக்கு வருத்தம் உண்டு.

கான்ட்ராக்‌ஷன் என்றதும் சுருக்கம் என்று எழுதிவிடுகிறோம். நானே பல வருடம் அப்படித்தான் எழுதினேன். அது தவறான சொல், மாணவர்களின் முதுகைக் கெடுக்கும் சொல். சுருங்கு என்றால் உடம்பு என்ன செய்யும்? தோளை முன்னால் தள்ளும், தலையைத் தொங்கவிடும், நெஞ்சை இடுப்பின் மேல் சரிக்கும். கூன் போடுவதுதான் அது. கிரஹாம் கேட்டது அதுவல்ல. மூச்சு வெளியே போகிறது, அடிவயிறு உள்ளே குழிகிறது, இடுப்பெலும்பு அடியிலிருந்து சுருள்கிறது, கீழ்முதுகு பின்னால் வளைந்து அகலமாகிறது. தோள்கள் இடுப்புக்கு நேர் மேலேயே நிற்கின்றன. முதுகுத்தண்டு குறுகவே கூடாது, வளைந்தபடி நீள வேண்டும். அப்புறம் மூச்சு உள்ளே வரும்போது அதே அடியிலிருந்து ஒவ்வொரு கணுவாக நிமிர்கிறது. அதுதான் ரிலீஸ். தளர்ந்து விழுவதற்குப் பெயர் ரிலீஸ் இல்லை.

ஒடுக்கம் என்று வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அதில் ஒரு பயம் இருக்கிறது. ஒடுங்குகிறவர் மூலைக்குப் போகிறவர். கடைசியில் விம்மல் என்ற சொல்லில் வந்து நின்றேன்.

விம்மி அழுதாள் என்கிறோம், நெஞ்சு விம்மியது என்றும் சொல்கிறோம். ஒரே சொல் அழுகைக்கும் ஆகிறது, நிறைந்து புடைப்பதற்கும் ஆகிறது. கான்ட்ராக்‌ஷனில் நடப்பதும் இந்த இரண்டும்தான். முன்பக்கம் குழிகிறது, பின்பக்கம் விம்முகிறது. முன்னால் நின்று பார்ப்பவர்கள் குழிவதை மட்டும் பார்க்கிறார்கள். ஆடுகிறவருக்கு முதுகு தெரிய வேண்டும்.

எனக்கு அது தெரிய மூன்று வருடம் ஆனது. முதலில் நான் படித்த இடத்தில் ஆசிரியர் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று எண்ணிக்கை போடுவார். சத்தமாகப் போடுவார். தாளம் தவறினால் திட்டுவார். நான் தாளம் தவறவில்லை. அதனால் அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒரு வருடம் முழுக்க நான் கூன் போட்டதை கான்ட்ராக்‌ஷன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இரவில் கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும். அதைக் கடும்பயிற்சியின் அடையாளம் என்று பெருமையாக வேறு நினைத்தேன். இன்று நான் பாடம் எடுக்கிறேன். எண்ணிக்கை போடத் தெரிந்ததாலேயே ஆசிரியர் ஆகிவிட்டவர்களை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

பிறகு வேறு ஒரு ஆசிரியையிடம் போனேன். அப்போதே அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. முதல் நாள் நான் செய்ததைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் பியானோவை நிறுத்தச் சொன்னார். மெதுவாகத் தரையில் இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் வலது கையை எடுத்து, என் கீழ்முதுகில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, உள்ளங்கை படும்படி வைத்தார். இடது கையை என் உச்சந்தலையில் வைத்தார். "இருமு" என்றார். இருமினேன். கீழ்முதுகு என் உள்ளங்கையை ஒரு தள்ளு தள்ளியது. "தலையில் இருக்கிற கை கீழே போச்சா?" போகவில்லை. "இன்னொரு தடவை. இப்ப சத்தம் இல்லாம." சத்தமில்லாமல் மூச்சை மட்டும் விட்டேன். முதுகு மறுபடியும் கைக்குள் வந்தது. அந்த ஓர் அங்குல அசைவுக்காகத்தான் மூன்று வருடம் காத்திருந்தேன் என்று அப்போது தெரியவில்லை. அழுகை வந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. "இதை எட்டு எண்ணிக்கைக்கு நீட்டு" என்று சொல்லிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து பியானோ பக்கம் கையசைத்தார்.

அதற்குப் பிறகு நான் ஐந்து மாதம் தரையை விட்டு எழவில்லை. நானாகவேதான் எழவில்லை.

ஏன் உட்கார வைக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, எவ்வளவு நாள் என்றுதான் கேட்டீர்கள். நானே சொல்கிறேன். நிற்கும்போது கால்கள் நமக்காகப் பொய் சொல்லும். உடல் நடுவில் ஒன்றும் நடக்காமலேயே ஒரு தாவல், ஒரு சுழற்சி என்று சமாளித்துவிடலாம். உட்கார்ந்துவிட்டால் கால் இல்லை. இடுப்பும் முதுகும் மூச்சும்தான் மிச்சம், மறைத்துக்கொள்ள எதுவும் இல்லை. அதனால்தான் கிரஹாம் வகுப்பு தரையில் தொடங்குகிறது, அப்புறம்தான் நிற்பது, கடைசியில்தான் அறையைக் குறுக்கே கடப்பது. தரையில் வராத ஸ்பைரல், அதாவது முதுகுத்தண்டைச் சுற்றி உடம்பைத் திருகும் அசைவு, நின்றால் வராது. தரையைத் தெரியாதவருக்கு விழவும் தெரியாது. இந்த முறையில் விழுதல் என்பதே தனிப் பாடம். விழுந்த கணத்திலேயே எழுவதற்கான மூச்சு தொடங்கிவிட வேண்டும்.

உட்கார்ந்திருப்பதை நீங்கள் நடனத்துக்கு முந்தைய காத்திருப்பு என்று நினைக்கிறீர்கள். 1930 ஜனவரி 8ஆம் தேதி நியூயார்க்கில் கிரஹாம், லமென்டேஷன் (புலம்பல்) என்ற தன் தனிநடனத்தை முதன்முறையாக ஆடினார். மேடையில் ஒரு பெஞ்சு. உடம்பு முழுக்க ஒரு குழாய்த் துணிக்குள். முகமும் கைகளும் பாதங்களும்தான் வெளியே தெரியும். ஹங்கேரிய இசையமைப்பாளர் கொடாய் எழுதிய பியானோ இசை. ஏறக்குறைய முழுக்க முழுக்க உட்கார்ந்தபடியே ஆடுகிற நடனம் அது. உள்ளிருந்து விம்முகிற உடம்பு அந்தத் துணியை இழுத்துக் கோணலாக்குகிறது, அவ்வளவுதான். அதை ஆடிய ஒரு நாள், அரங்கத்துக்குப் பின்னால் ஒரு பெண் தன்னைப் பார்க்க வந்ததாக கிரஹாமே சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணின் மகன் அவர் கண்முன்னாலேயே லாரியில் அடிபட்டு இறந்திருந்தான். அதுவரை அவரால் அழ முடியவில்லை. அன்றுதான் அழுதாராம். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஆடியதைப் பார்த்து.

நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடம் அது. உங்கள் தோழிகள் எங்கே நிற்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

உடை மாற்றும் அறையில் அழுததாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் வெகுநேரம் நின்றேன். அங்கே தனியாக விம்மியபோது உங்கள் அடிவயிறு என்ன செய்தது, முதுகு என்ன செய்தது என்று நினைவிருக்கிறதா? யாரும் எண்ணிக்கை போடாமல், கண்ணாடி பார்க்காமல், உங்களுக்கு அது சரியாக வந்திருக்கும். வகுப்பில் அழச் சொல்லவில்லை. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கான்ட்ராக்‌ஷன் செய்கிற மாணவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. முகத்தை விடுங்கள். அந்த அறையில் உடம்பு எங்கிருந்து தொடங்கியதோ, அந்த இடத்தை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.

மேடை எப்போது என்று கேட்டீர்கள். ஒரு நடனக்காரர் முதிர்வதற்குப் பத்து வருடம் ஆகும் என்பது கிரஹாமின் கணக்கு. அதற்கு முன்பே மேடை வரலாம், உங்கள் ஆசிரியையைக் கேளுங்கள். நாளை வகுப்புக்குக் கால் மணி நேரம் முன்னால் போய், ஒரு கையை முதுகிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்து இருமிப் பாருங்கள். உள்ளங்கையில் என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.