உறவுகளை எல்லாம் உதறிவிட்டால் ‘உண்மையான நான்’ கிடைப்பேனா?

மகன், கணவன், அண்ணன், மேலாளர் என்று எல்லா வேடத்தையும் கழற்றிவிட்டால் உள்ளே அசல் ஆள் ஒருவர் இருப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படிக் கழற்றிப் பார்த்தவர் ஒருவர் உண்டு.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் நைட், 1986இல் இருபது வயதில், யாரிடமும் சொல்லாமல் காட்டுக்குள் போனார். 2013இல் ஒரு கோடைக்கால முகாமில் சாப்பாடு திருடும்போது பிடிபட்டார். இடையில் 27 ஆண்டுகள். வழியில் எதிர்ப்பட்ட ஒருவரிடம் ‘ஹாய்’ என்றதைத் தவிர யாரிடமும் பேசவில்லை என்றார். (அக்கம்பக்கத்துக் குடில்களில் ஆயிரம் முறைபோலப் புகுந்து எடுத்துத்தான் வயிறு வளர்த்தார். ஊரைத் துறந்தார், ஊர்ச் சோற்றை இல்லை!) தனிமையில் தன்னைக் கண்டுகொண்டதாக அவர் சொல்லவில்லை. பார்க்க ஆளில்லாதபோது, தான் இன்னார் என்ற நினைப்பே போய்விட்டது, தனக்கென்று ஒரு பெயர்கூட இல்லை என்றுதான் சொன்னார். அது அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கிறது. சரி, இருக்கட்டும். ஆனால் நீங்கள் தேடுவது இன்னும் தெளிவான ஒரு ‘நான்’. அவருக்குக் கிடைத்தது ‘நான்’ என்பதே தேவைப்படாத நிலை.

இதற்கு நேர் எதிர் உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கர் மாவட்டத்து லால் பிஹாரி. இவர் யாரையும் உதறவில்லை. சொந்தக்காரர்கள் இவரை உதறினார்கள், அதுவும் எழுத்தில். 1970களின் நடுவில் கடன் வாங்குவதற்காகச் சான்று கேட்டுப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது: வருவாய்த்துறைப் பதிவேட்டில் அவர் இறந்துபோயிருந்தார். துண்டு நிலத்துக்காக உறவினர் லஞ்சம் கொடுத்துச் செய்த வேலை. நேரே போய் நின்றால் போதாதா என்று நமக்குத் தோன்றும். போதவில்லை. ஒன்று இரண்டல்ல, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் போதவில்லை.

அந்த ஆண்டுகளில் அவர் செய்தவை எல்லாம் ‘யாராவது என்னை எதிராளியாகவாவது ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்ற வகைதான். உறவுக்காரப் பையனைக் கடத்திப் பார்த்தார். தன்மேல் வழக்குப் போட்டால், குற்றவாளி என்றாலும் உயிருள்ளவன் என்று காகிதத்தில் வந்துவிடுமே! மனைவிக்கு விதவை உதவித்தொகை கேட்டு மனுப்போட்டார். 1989இல் அமேதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். தன்னைப் போலவே காகிதத்தில் செத்தவர்களைத் திரட்டி ‘மிருதக் சங்கம்’, அதாவது இறந்தவர்கள் சங்கம், தொடங்கினார். அதற்காக 2003இல் அவருக்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது. சிரிக்க வைத்து யோசிக்க வைக்கும் பரிசு அது. இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கடினம்.

இது வெறும் காகிதப் பிரச்சினை, அடையாளத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். காகிதம் எங்கிருந்து வருகிறது? நம் ஊரில் வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருந்தால் தெரியும். மனு கொடுத்ததும் கிராம நிர்வாக அலுவலர் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். இன்னாருக்கு இவர் மகன்தானா, வேறு பிள்ளைகள் உண்டா? எதிர்வீட்டுக்காரர் சொல்வதும் சேர்ந்துதான் நம்மை நம் அப்பாவின் பிள்ளையாக்குகிறது. எங்கள் ஆச்சி குடும்ப ஓய்வூதியம் வாங்கியவர். ஆண்டுதோறும் கருவூலத்துக்கு நேர்காணலுக்குப் போகவேண்டியிருந்தது. “நான் உசுரோட இருக்கேன்னு நானே சொன்னாப் பத்தாதாம்ல, அவன் எழுதிக்கிடணுமாம்” என்று ஆட்டோவில் ஏறும்போதெல்லாம் சொல்வார். அப்புறம் அங்கே போய் பழைய ஆட்களைப் பார்த்ததும் திரும்பி வரவே மனசிருக்காது. வீட்டில் கட்டிலோடு கிடக்கும் ஆச்சியும் அங்கே வரிசையில் நின்று சத்தமாகச் சிரிக்கும் ஆச்சியும் எனக்கு ஒரே ஆளாகத் தெரிந்ததில்லை. இதில் எது அசல்? வீட்டில் நாங்கள் பார்த்ததுதான் அசல் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உங்கள் கேள்வியின் தொனியைப் பார்த்தால் சொந்தங்கள் படுத்திய பாட்டில் கேட்டதுபோல இருக்கிறது. விலகத் தோன்றினால் விலகுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் வெறும் ஆளாக வெளியே வரமாட்டீர்கள். அவர்களை விட்டு வந்தவராகத்தான் வருவீர்கள். நம்மைச் செய்ததில் பாசக்காரர்களுக்கு மட்டும்தான் பங்கு என்று நான் நினைக்கவில்லை, பகையாளிக்கும் உண்டு. லால் பிஹாரிக்கு 1994இல் பதிவேட்டில் உயிர் திரும்பியது. போராட்டத்தின்போது தன் பெயரோடு ‘மிருதக்’, இறந்தவர், என்று சேர்த்துக்கொண்டிருந்தார். பிறகும் அதை எடுக்கவில்லை. நிலத்துக்கு ஆசைப்பட்டு உறவினர் கொடுத்த பட்டம் அது. அதே கொடுமைக்கு ஆளானவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவரைத் தேடி வந்தார்கள்.