ஹாலில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் பிளேஸ்டேஷன் 2 ஓடுமா?

போன இதழில் எமுலேட்டர் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். பிளேஸ்டேஷன் போன்ற ஒரு கேம் கன்சோலின் சிப்புகள் செய்யும் வேலையை நம் கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாகவே செய்து காட்டும் புரோகிராம்தான் எமுலேட்டர், அவ்வளவுதான் எழுதினேன். அதற்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார், டிவிக்குக் கீழே ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரைப் படம் பார்க்க வைத்திருக்கிறேன். இன்டெல் ஐ5-2400, 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. சூப்பர் நின்டெண்டோ, பிளேஸ்டேஷன் 1 எல்லாம் நன்றாக ஓடுகின்றன. பிளேஸ்டேஷன் 2, கேம்க்யூப் என்று போனால் இழுக்கிறது, பின்னணி இசைகூடத் திக்கித் திக்கி வருகிறது. நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் ஒரு சின்னச் சோதனை. எமுலேட்டர் செட்டிங்கில் 'இன்டர்னல் ரெசல்யூஷன்' என்று ஒன்று இருக்கும், அதை நேட்டிவ், அதாவது கன்சோலின் அசல் அளவான 1 மடங்குக்கு இறக்குங்கள். இழுத்துக்கொண்டிருந்த கேம் உடனே துள்ளி ஓடினால் நண்பர் சொன்னது சரி, குறை கிராபிக்ஸ் பக்கம். இறக்கிய பிறகும் அதே இழுவைதான் என்றால் அநேகமாக பிராசஸரால் முடியவில்லை என்று அர்த்தம், அங்கே எவ்வளவு பெரிய கார்டைச் செருகினாலும் பணம்தான் போகும். பிளேஸ்டேஷன் 2-க்கான எமுலேட்டரான பி.சி.எஸ்.எக்ஸ்.2-வில் திரையின் மூலையிலேயே பிராசஸர், கிராபிக்ஸ் இரண்டும் எத்தனை சதவீதம் உழைக்கின்றன என்று காட்டச் சொல்லலாம். கன்சோலின் முக்கிய பிராசஸர் வேலையைக் குறிக்கும் இ.இ. என்ற வரி 100-ஐ ஒட்டியே நின்றால் குறை உங்கள் பிராசஸரில்தான், வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

பிளேஸ்டேஷன் 2 வெளிவந்தது 2000-ல், அதன் முக்கிய பிராசஸரின் வேகம் சுமார் 295 மெகாஹெர்ட்ஸ். உங்களுடையது 3.1 கிகாஹெர்ட்ஸ், பத்து மடங்கு. அப்புறம் ஏன் திணறுகிறது என்று கேட்பீர்கள். அந்தக் கன்சோலுக்குள் ஒரு பிராசஸர் மட்டும் இல்லை, கூடவே கணக்குப் போட இரண்டு வெக்டர் யூனிட், படம் வரைய ஒரு சிப், உள்ளீடுகளைக் கவனிக்க பழைய பிளேஸ்டேஷன் 1-ன் பிராசஸர் என்று ஒரு கூட்டமே ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. நாலு பேர் நாலு மொழியில் பேசுவதை ஒரே ஆள் உடனுக்குடன் மொழிபெயர்த்து, ஒருவர் பேச்சு இன்னொருவர் பேச்சை முந்தாமலும் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் எப்படி இருக்கும், அதுதான் எமுலேட்டரின் பாடு. இந்த வேலையை பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும் கடினம். பி.சி.எஸ்.எக்ஸ்.2 முக்கியமாக மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்கிறது, கேம்க்யூப்புக்கான டால்பின் பெரும்பாலும் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறது. ஆகவே எட்டு கோர், பதினாறு கோர் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், ஒரு கோர் தனியாக எவ்வளவு வேகம் என்பதுதான் இங்கே பேச்சு. பெஞ்ச்மார்க் பட்டியல்களில் 'சிங்கிள் த்ரெட்' என்று தனிப் பத்தி இருக்கும், அதை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிராபிக்ஸ் கார்டு எங்கே உதவும் என்றால், படத்தைப் பெரிதாக, கூர்மையாக வரைவதில். பிளேஸ்டேஷன் 2 கேம்கள் பல 640-க்கு 448 அளவில் வரைந்தவை. 1080 வரி டிவியில் பளிச்சென்று தெரிய 3 மடங்கு வைக்க வேண்டும். 3 மடங்கு என்றால் அகலத்திலும் உயரத்திலும் மூன்று, மொத்தப் புள்ளிகள் ஒன்பது மடங்கு. அந்தச் சுமையைத்தான் கார்டு தாங்குகிறது.

இனி உங்கள் மெஷின். ஐ5-2400 வந்தது 2011-ல். பி.சி.எஸ்.எக்ஸ்.2 குறைந்தபட்சமாகக் கேட்கும் எஸ்.எஸ்.இ.4.1 என்ற பிராசஸர் கட்டளைத் தொகுப்பு அதில் உண்டு, பரிந்துரைக்கும் ஏ.வி.எக்ஸ்.2 கிடையாது, அது இன்டெலில் 2013-ல் நான்காம் தலைமுறையோடுதான் வந்தது. இதே சாக்கெட்டில் உட்காரும் ஐ7-3770-ஐ செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். மதர்போர்டு ஏற்றுக்கொள்ளுமா என்பது ஒரு பிரச்சினை, ஏற்றாலும் ஒரு கோரின் வேகத்தில் கிடைக்கும் ஏற்றம் சின்னதுதான், ஏ.வி.எக்ஸ்.2 அதிலும் இல்லை. கிழிந்த சட்டைக்குப் புதுப் பொத்தான் தைக்கிற கதை.

செலவில்லாத வேலைகளை முதலில் முடியுங்கள். கேபினெட்டைத் திறந்து தூசி தட்டி, பிராசஸர் மேல் காய்ந்து போயிருக்கும் தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள், பத்து வருஷம் டிவி ஸ்டாண்டுக்குள் அடைந்து கிடந்த மெஷின் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வது சாதாரணம். அப்புறம் ஒரு 16 ஜிபி பென் டிரைவில் பட்டோசெரா என்ற லினக்ஸை ஏற்றி அதிலிருந்து பூட் செய்து பாருங்கள். எமுலேட்டர்கள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும், உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது, பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால் பழையபடி விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, உங்கள் பிராசஸர் விண்டோஸ் 11-ன் பட்டியலில் இல்லை, எனவே எப்படியும் லினக்ஸ் பக்கம் ஒரு கண் வைப்பது நல்லது.

இதே பெட்டியை வைத்துக்கொண்டே கார்டு போடுவதென்றால் இரண்டு விஷயம். ஒன்று, ஆபீஸ் மெஷின்களில் பவர் சப்ளை சிறியது, கார்டுக்கென்று தனி வயர் பெரும்பாலும் இருக்காது. ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட், அதற்குள் அடங்கும் கார்டுதான் சரிப்படும். பெட்டி ஒல்லியானது என்றால் அரை உயரக் கார்டாகவும் இருக்க வேண்டும். ஜி.டி.எக்ஸ். 1650-ல் தனி வயர் கேட்காத வகைகள் உண்டு, கேட்கிற வகைகளும் உண்டு, பார்த்து வாங்குங்கள். இரண்டு, ஜி.டி. 1030 என்ற பெயரில் இரு வேறு கார்டுகள் விற்கின்றன. ஜி.டி.டி.ஆர்.5 மெமரி உள்ளது நொடிக்கு 48 ஜிபி தரவைக் கடத்தும், டி.டி.ஆர்.4 உள்ளது சுமார் 17 ஜிபி. பெயர் ஒன்று, பெட்டியும் ஏறக்குறைய ஒன்று, வேகம் மூன்றில் ஒரு பங்கு. இப்படி ஒரே பெயரில் விற்பதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன். ஆர்.எக்ஸ். 6400-ஐயும் உங்கள் மெஷினுக்குச் சொல்ல மாட்டேன், அது ஸ்லாட்டின் தரவுப் பாதைகளில், அதாவது லேன்களில், நான்கை மட்டுமே பயன்படுத்துகிறது, பழைய ஸ்லாட்டில் அது மூச்சுத் திணறும்.

என்னைக் கேட்டால், பிளேஸ்டேஷன் 1 வரை போதும் என்றால் ஒன்றுமே வாங்க வேண்டாம். பிளேஸ்டேஷன் 2-தான் ஆசை என்றால் இந்தப் பெட்டிக்குத் தீனி போடுவதை நிறுத்திவிட்டு போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். ரைசன் 5 5600ஜி போன்ற, உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள 65 வாட் பிராசஸர் ஒன்று இருந்தால் தனிக் கார்டே இல்லாமல் பெரும்பாலான பிளேஸ்டேஷன் 2, கேம்க்யூப் கேம்களை முழு வேகத்தில் ஓட்டலாம். விசிறிச் சத்தமும் அதிகம் இருக்காது, ஹாலில் வைக்கிற மெஷினுக்கு அது பெரிய விஷயம். ஒரே நிபந்தனை, ரேமை ஒரே குச்சியாக வாங்காதீர்கள், 8 ஜிபி குச்சிகள் இரண்டாகப் போடுங்கள். உள் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது, ஒரே குச்சி என்றால் பாதை பாதியாகிவிடும்.

கேள்வி: என் மகன் பிளேஸ்டேஷன் 3 கேம் கேட்கிறான். அதற்கும் இதே மெஷின் போதுமா?

பதில்: மேலே கோர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள் என்றேன் அல்லவா, இதற்கு அதை அப்படியே மறந்துவிடுங்கள். 2006-ல் வந்த அந்தக் கன்சோலின் செல் பிராசஸர் 3.2 கிகாஹெர்ட்ஸ், ஒரு முக்கிய கோரும் கேம்கள் பயன்படுத்த ஆறு துணைக் கோர்களும் கொண்டது. அதனால் ஆர்.பி.சி.எஸ்.3 எமுலேட்டர் கிடைக்கிற கோரையெல்லாம் விழுங்கும். ஆறு கோரில் எளிய கேம்கள் ஓடும், பெரிய கேம்களுக்கு எட்டு வேகமான கோர்கள், 16 ஜிபி ரேம், தனிக் கார்டு என்று கணக்கு போங்கள். அதற்கான செலவில் ஒரு பழைய பிளேஸ்டேஷன் 3-யையே வாங்கிவிடலாமே என்று தோன்றினால், தோன்றியது சரிதான்.

கேள்வி: அண்ணா, எஸ்.எஸ்.டி. போட்டேன், கம்ப்யூட்டர் பறக்கிறது, ஆனால் கேமில் புது இடத்துக்குப் போகும்போது அரை நொடி உறைகிற பிரச்சினை மட்டும் போகவே இல்லை. ஏன்?

பதில்: எஸ்.எஸ்.டி.க்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு, தம்பி. பிளேஸ்டேஷன் 2-ன் டிவிடி டிரைவ் நொடிக்கு 5 எம்பி சொச்சம்தான் படித்தது, அந்த வேகத்துக்குச் சாதாரண ஹார்ட் டிஸ்க்கே தாராளம். நீங்கள் பார்க்கும் உறைவு ஷேடரால் வருவது. புதிதாக ஒரு வெடிப்போ தண்ணீரோ திரையில் வந்தால் அதை வரைவதற்கான ஷேடர் என்ற குட்டி புரோகிராமை உங்கள் கிராபிக்ஸ் கார்டுக்கு ஏற்றபடி அந்த நிமிஷமே தயாரிக்க வேண்டியிருக்கிறது. டால்பினில் 2017-ல் 'உபர்ஷேடர்' என்று ஒரு வழி கொண்டுவந்தார்கள், 'ஹைபிரிட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கார்டு கொஞ்சம் வலுவாக இருந்தால் உறைவு பெருமளவு போய்விடும்.

கேள்வி: படம் அருமையாக வருகிறது, ஆனால் பட்டனை அமுக்கிய பிறகுதான் ஆள் யோசித்துக் குதிக்கிறான். மெஷின் மெதுவா?

பதில்: டிவியைச் சந்தேகப்படுங்கள். எனக்கும் இது நடந்தது. கன்ட்ரோலர்தான் கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கி, அதிலும் அதே தாமதம் என்றதும் ப்ளூடூத்தைத் திட்டி, ஒரு நீள வயரும் வாங்கி, கடைசியில் பார்த்தால் டிவி படத்தை வழுவழுப்பாக்குகிறேன் என்று ஒவ்வொரு ஃபிரேமையும் பிடித்து வைத்து மெருகு போட்டுக்கொண்டிருந்தது. கேம்கள் நொடிக்கு 60 ஃபிரேம், ஒன்றுக்கு சுமார் 17 மில்லி நொடி. கேம் மோடு போடாத டிவிகள் சில 100 மில்லி நொடிக்கு மேல் தாமதிக்கும், அதாவது ஆறு ஃபிரேம், அதற்குள் உங்கள் ஆள் பள்ளத்தில் விழுந்திருப்பான். டிவி மெனுவில் கேம் மோடை, கம்ப்யூட்டர் செருகியிருக்கும் அதே எச்.டி.எம்.ஐ. போர்ட்டுக்குப் போடுங்கள், பல டிவிகளில் அது போர்ட்டுக்குப் போர்ட் தனித்தனி. 4கே டிவி என்றால் இன்னொன்றும் பாருங்கள். பழைய கம்ப்யூட்டர்களில் இருக்கும் எச்.டி.எம்.ஐ. 1.4, 4கே-யில் நொடிக்கு 30 முறைதான் படம் அனுப்பும். விண்டோஸில் 1080, 60 ஹெர்ட்ஸ் என்று மாற்றிவிடுங்கள்.

இதெல்லாம் செய்த பிறகும் சூப்பர் நின்டெண்டோ காலத்துக் கேம்களில் கொஞ்சம் உறுத்தினால், பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் இயக்கும் ரெட்ரோஆர்ச்சில் 'ரன் அஹெட்' என்று ஒன்று உண்டு. அடுத்த ஃபிரேமை முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்டிவிடும். ஒரே வேலையை இரண்டு தடவை செய்வதால் பிராசஸருக்குச் சுமை அதிகம், பெரிய கன்சோல்களுக்கு முயல வேண்டாம்.

கேள்வி: கேம்களை எங்கே டவுன்லோட் செய்வது என்று எழுதவே இல்லையே?

பதில்: எழுத மாட்டேன். எமுலேட்டர் எழுதுவது தனி, கேமை நகலெடுத்துப் பரப்புவது தனி. பிளேஸ்டேஷன் எமுலேட்டர் விற்ற கனெக்டிக்ஸ் மீது சோனி போட்ட வழக்கில் 2000-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம்தான் தீர்ப்பு சொன்னது. அதற்காக எல்லாம் செல்லும் என்று இல்லை, 2024-ல் நின்டெண்டோ வழக்குப் போட்டதும் ஸ்விட்ச் எமுலேட்டரான யூசுவைச் செய்தவர்கள் 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கடையை மூடினார்கள். உங்கள் நாட்டுச் சட்டம் சொந்த நகலுக்கு எவ்வளவு இடம் தருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 2 டிஸ்க் உங்களிடமே இருந்தால் கம்ப்யூட்டரின் சாதாரண டிவிடி டிரைவிலேயே டிஸ்க்கின் முழு நகலான ஐ.எஸ்.ஓ. ஃபைலை எடுக்கலாம், அதைச் சுருக்கிய வடிவமான சி.எச்.டி. ஆக மாற்றினால் இடமும் மிச்சம். கன்சோலுக்குள் இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸை உங்கள் கன்சோலிலிருந்து எடுக்க வேண்டும். கேம்க்யூப் டிஸ்க்கைச் சாதாரண டிரைவ்கள் படிப்பதில்லை, அதற்கு நின்டெண்டோவின் வீ கன்சோல் ஒன்று தேவைப்படும். பிளேஸ்டேஷன் 3-ன் ஃபர்ம்வேரை சோனியே தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

கேள்வி: வீ ரிமோட் கம்ப்யூட்டரோடு ப்ளூடூத்தில் சேர்ந்துவிட்டது, ஆனால் குறிபார்க்க முடியவில்லை. சென்சார் பார் தொலைந்துவிட்டது. வேறு வழி?

பதில்: பெயர்தான் சென்சார் பார், அதில் சென்சாரே கிடையாது. இரு முனையிலும் அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான், பார்க்கும் கேமரா ரிமோட்டின் மூக்கில் இருக்கிறது. யு.எஸ்.பி.யில் மின்சாரம் எடுக்கும் பார்கள் தனியாகக் கிடைக்கின்றன. அது வந்து சேரும்வரை டிவிக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாலும் ரிமோட் குறிபார்க்கும். விளையாடுகிற வேகத்தில் கையை வீசித் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.