கம்ப்யூட்டர் சீட்டுக்காகத் தேயிலைத் தோட்டத்தை அடகு வைக்காதீர்கள்

கோத்தகிரிப் பக்கத்துக் குடும்பம். ஒரு ஏக்கருக்கும் குறைவான தேயிலை. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த மகளுக்கு இயற்பியல் மேல்தான் ஆசை. பெரியப்பாவோ கோவையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்குப் பேசி முடித்துவிட்டார். "பிசிக்ஸ் படிச்சா டீச்சர் வேலைதானே சார்?" என்கிறார் அம்மா.

பயம் நியாயம்தான் அம்மா. ஆனால் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் பட்டாவை அடகு வைக்கச் சொல்கிறவர் வட்டி கட்டப் போவதில்லை. பச்சைத் தேயிலை விலை இறங்கும், வட்டி இறங்காது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உங்கள் மகள் கேட்ட கேள்வியைக் கவனித்தீர்களா? பட்டறையில் கவாத்துக் கத்தி பழுக்கக் காய்ந்ததும் காந்தம் ஏன் ஒட்டவில்லை என்றாள். இரும்பு 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தக் குணம் போய்விடும். அதுதான் கியூரி வெப்பநிலை. பதம் வைக்கும் ஆசாரிகள் அதையே சூட்டுக்கு அடையாளமாக வைத்துக்கொள்வதும் உண்டு. (நியோடிமியம் என்ற வலுவான காந்தத்தை உலைக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம், சாதாரண வகை 80 டிகிரியைத் தாண்டினாலே வலுவிழக்கும்.) கடோலினியம் என்ற உலோகத்துக்கு இந்த எல்லை சுமார் 20 டிகிரி. ஊட்டிக் குளிரில் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டு, மேட்டுப்பாளையம் வெயிலில் பிடி தளர்ந்துவிடும்.

அந்தக் கேள்வி எவ்வளவு ஆழம் போகும் என்று பாருங்கள். இரும்பைக் காந்தமாக்கும் 3டி எலெக்ட்ரான்கள் (அணுவின் 3டி என்ற கூட்டில் உள்ளவை) ஓர் அணுவோடு நிற்காமல் உலோகம் முழுக்க அலைகின்றன. ஒவ்வோர் எலெக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம், அதன் திசையைக் காட்டுவது ஸ்பின். ஒரே ஸ்பின் உள்ள இரண்டைப் பவுலி விதி என்ற குவாண்டம் விதி நெருங்கவிடாது. விலகி நிற்பதால் அவற்றின் மின்விலக்கம் குறைகிறது, அது வரவு. எல்லாம் ஒரே பக்கம் திரும்பினால் கீழ்நிலைகளில் இடம் போதாமல் மேல்நிலைக்கு ஏற வேண்டும்; அது செலவு. வரவு மிஞ்சினால் உலோகம் தானாகவே காந்தமாகும். 1930களில் ஸ்டோனர் என்ற இயற்பியலாளர் தந்த நிபந்தனை இதுதான். இரும்பும் நிக்கலும் தேறிவிட்டன, பல்லேடியம் மயிரிழையில் தவறியது. காந்தத்திறன் இரும்பில் அணுவுக்கு 2.2, நிக்கலில் 0.6 போர் மேக்னெட்டான் (அணுக் காந்தத்தை அளக்கும் அலகு) என்று பின்னமாக வருவதும் இந்த அலைச்சலால்தான். ஆனால் இதே கணக்கை வைத்துக் கியூரி வெப்பநிலையைத் தேடினால் பல ஆயிரம் டிகிரி என்று தப்பாக வரும். சூட்டில் ஒவ்வோர் அணுவின் காந்தமும் அழிவதில்லை, திசைதான் கலைகிறது. அதைச் சரியாகக் கணக்கிடுவது இன்றும் ஆராய்ச்சி வேலை. 1988இல் இத்தகைய எலெக்ட்ரான்களிடம் கண்ட ராட்சத காந்தமின்தடை (காந்தப்புலத்தால் மின்தடை வெகுவாக மாறுவது) ஹார்ட் டிஸ்க்குக்குள் போனது. 2007இல் ஃபெர்ட், க்ரூன்பெர்க் இருவருக்கும் நோபல் வாங்கித் தந்தது.

இனி வழி. உதகை அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். செலவு தனியார் கல்லூரியோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. ஆறாவது முதல் அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில் ஜாம் (JAM) தேர்வு, ஐஐடி போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர எழுதும் நுழைவுத் தேர்வு. விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே தொடங்கிவிடும், பலர் கோட்டைவிடுவது அங்கேதான். 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். ஒரே விடை தேர்வு செய்யும் 30 கேள்விகளில் மட்டும் தப்புக்கு மதிப்பெண் குறையும். எண்ணை விடையாகத் தரும் 20 கேள்விகளுக்கு அந்தப் பயமில்லை, ஆனால் கை ஓடாதவர்கள் அங்கேதான் திணறுவார்கள். இயற்பியலோடு துணைப்பாடமாக வரும் அலைடு கணிதத்தை ஒப்புக்குப் படித்தவர்கள் அவர்கள். தேறினால் ஐஐடியில் எம்.எஸ்சி., பெங்களூரு ஐஐஎஸ்சியில் ஒருங்கிணைந்த பிஎச்.டி. என்று கதவுகள் திறக்கும். பிறகு ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். படிக்கும்போதே வரும் பணம் அது. நிலையான வேலைக்குப் பத்து வருடம் ஆகலாம்; அதை மறைக்க மாட்டேன்.

இன்று இரவு மகளிடம் ஒன்று கேளுங்கள்: காந்தம் பிடிக்கிறதா என்றல்ல, ஒரு மணி நேரம் தொகையீட்டுக் கணக்கோடு மல்லுக்கட்டப் பிடிக்கிறதா என்று. இல்லை என்றால் என்னிடம் திரும்ப வாருங்கள், வேறு வழி பார்ப்போம். பெரியப்பாவிடம் போகாதீர்கள்.